நிலக்கரி உலைக்கு ஒட்சிசன்: மென்சவ்வு முறை வளர்ந்த வரலாறு

வளியில் ஐந்திலொரு பங்கு ஒட்சிசன். எஞ்சிய நான்கு பங்கும் பெரும்பாலும் நைதரசனே. வீட்டு விறகடுப்பாயினும் மின்னுற்பத்தி நிலையத்து மாபெருங் கொதிகலமாயினும், எரிபொருளோடு கூடி வெப்பந் தருவது அவ்வைந்திலொரு பங்குதான். நைதரசனோ அழையா விருந்தினனைப் போல உலையினுட் புகுந்து, தன் பங்கிற்குத் தானும் சூடேறி, புகைபோக்கி வழியே வெளியேறிவிடுகின்றது. ஒரு கிலோகிராம் நல்ல நிலக்கரியை எரித்து முடிக்க ஏறத்தாழ 10 கிலோகிராம் வளி வேண்டும் என்பதை நோக்கின், அவ்விருந்தினனுடைய பருமன் எத்துணையது என்பது புலனாகும். நிலக்கரி நிலையமொன்றின் புகையிற் காபனீரொட்சைட்டு 12 முதல் 15 வீதம் வரையே உளது. மீதியிற் பெரும்பகுதி நைதரசன்.

பூமியின் வெப்பநிலையை உயர்த்தும் வாயுக்களுள் மனிதன் செயலால் மிகுந்தவற்றில் முதன்மையானது காபனீரொட்சைட்டு. அதனைப் புகையினின்று பிடித்து, நிலத்தின் ஆழத்திலே புதைத்துவிட வேண்டுமென்பது இற்றைக்குச் சில பத்தாண்டுகளாகப் பேசப்பட்டு வரும் திட்டம். பிடிப்பதற்கு இடையூறாய் நிற்பது மேற்கூறிய நைதரசனே. அதனோடு நீக்கமறக் கலந்துவிட்ட சிறு பங்கு வாயுவைத் தனியே வாங்குதல் பாலிற் கலந்த நீரை வாங்குதல் போன்ற வேலையாகும். ஆதலின் அறிஞர் சிலர் வினாவைத் திருப்பிக் கேட்டனர். பின்வாசலில் நின்று நைதரசனோடு போராடுவானேன்? முன்வாசலிலேயே அதனைத் தடுத்துவிட்டால் என்ன? ஒட்சிசனை மட்டும் உலைக்குள் விட்டு நிலக்கரியை எரித்தால், வெளிவருவது காபனீரொட்சைட்டும் நீராவியுமே. குளிர வைத்தவுடன் நீராவி நீராகிப் பிரிந்துவிடும்; எஞ்சுவது ஏறக்குறையத் தூய காபனீரொட்சைட்டு.

சொல்லுதற்கு எளிது. ஆயின் ஒட்சிசனை வளியினின்று பிரிப்பதற்கு எவ்வளவு செலவு? இவ்வினாவின் வரலாறே இக்கட்டுரையின் பொருள். வளியைக் குளிரூட்டிப் பிரித்தல் ஒரு வழி. ஒட்சிசனைத் தன்னூடே செல்லவிட்டு நைதரசனை மறிக்குந் திண்மப் பொருளொன்றைத் தேடிச் செல்லுதல் மற்றொரு வழி. முதலாவது வழி வென்ற கதை பலரும் அறிந்தது. இரண்டாவது வழியோ பல முறை தோன்றிப் பல முறை மறைந்தது. மறைந்ததற்குரிய காரணங்களுள் ஒன்று நூற்றிருபது ஆண்டு இடையிட்டு இரு முறை ஒரே உருவில் வந்து நின்றது என்பது இவ்வரலாற்றைப் படிப்போர் வியக்கும் செய்தி.

ஒட்சிசனைக் கண்டறிந்த கதையை நீட்டி உரைக்க வேண்டுவதில்லை. சுவீடன் தேசத்து ஷீலே அதனை முன்னரே பெற்றிருந்தார். இங்கிலாந்தின் பிரீஸ்ற்லி 1774 ஆம் ஆண்டு ஆகத்து முதலாந் திகதி செந்நிற இரச ஒட்சைட்டின்மீது சூரிய ஒளியைக் கண்ணாடி வில்லையாற் குவித்து அதனைப் பெற்றார். அது யாதென உணர்ந்து பெயரிட்டவர் பிரான்சிய அறிஞர் இலவோசியர். நாம் கருத்திற் கொள்ள வேண்டுவது பிரீஸ்ற்லியின் சோதனையில் அடங்கிய ஓர் உண்மையை. இரசத்தை வளியில் மிதமாகச் சூடாக்கின் அது ஒட்சிசனை ஏற்கும்; மேலும் சூடாக்கின் ஏற்றதைத் திருப்பித் தரும். திண்மப் பொருளொன்று ஒட்சிசனை மூச்சாக உள்வாங்கி வெளிவிடக்கூடும் என்பதற்கு இதுவே முதற் சான்று.

இவ்வுண்மையைக் கைத்தொழிலாக்க முயன்றவர் பிரான்சிய இரசாயன அறிஞர் பூசிங்கோல். 1851 இல் அவர் பேரியம் ஒட்சைட்டை எடுத்துக்கொண்டார். அதனை ஏறத்தாழ 500 பாகை சதம அளவிற்குச் சூடாக்கி அதன்மேல் வளியைச் செலுத்தினால், அது ஒட்சிசனைப் பற்றிப் பேரியம் பேரொட்சைட்டு ஆகும். ஏறத்தாழ 800 பாகைக்கு உயர்த்தினால் பற்றிய ஒட்சிசனை விட்டுப் பழைய நிலையை அடையும். மீண்டும் குளிரவைத்து, மீண்டும் வளியைச் செலுத்தலாம். கணக்கின்படி இவ்வாறு முடிவின்றி நடத்தல் வேண்டும். நடைமுறையிலோ சில முறை கழிந்ததும் பேரியம் சோர்ந்தது. அதன் பின் எத்துணைச் சூடாக்கினும் ஒட்சிசனை ஏற்க மறுத்தது.

அச்சோர்வை நீக்கி வெற்றி கண்டோர் பிறின் என்னுஞ் சகோதரர் இருவர். பிரான்சியராகிய அவர்கள் 1886 இல் இலண்டனிலே ஒட்சிசன் நிறுவனமொன்றை நிறுவினர். நோய்க்குக் காரணம் பேரியத்தில் இல்லை, அதன்மேற் செலுத்தப்பட்ட வளியில் இருந்தது என்பதே அவர்கள் கண்ட உண்மை. வளியில் மிகச் சிறிதளவாயுள்ள காபனீரொட்சைட்டும் ஈரமும் பேரியத்தோடு கூடுகின்றன. காபனீரொட்சைட்டினாற் பேரியங் காபனேற்று உண்டாகின்றது. அது உலையின் சூட்டில் எளிதிற் பிரியாத திண்மையான சேர்வை. ஒவ்வொரு சுற்றிலும் சிறிது சிறிதாகப் பொருளின் மேற்பரப்பு காபனேற்றாகி அடைபட்டுவிடுகின்றது. ஆகவே பிறின் சகோதரர் வளியை முதலில் எரிசோடா, சுண்ணாம்பு ஆகியவற்றின் ஊடே செலுத்தித் தூய்மையாக்கினர். பின்னர் வெப்பநிலையை ஏற்றியிறக்குவதையும் விட்டு, ஒரே வெப்பநிலையில் அமுக்கத்தை மாத்திரம் ஏற்றியிறக்கினர். பேரியம் நெடுங்காலம் உழைத்தது. நாடக மேடைகளிலும் படங்காட்டும் விளக்குகளிலும் சுண்ணாம்புத் துண்டைச் சுவாலையிற் பிடித்து வெள்ளொளி பெறுவது அந்நாள் வழக்கம். அதற்கு வேண்டிய ஒட்சிசனில் பெரும்பகுதி இங்ஙனம் பேரியத்தினின்றே வந்தது.

ஒட்சிசனை விரும்பிப் பற்றும் பேரியம் காபனீரொட்சைட்டையும் அதனினும் விரும்பிப் பற்றும் என்னும் இச்செய்தியை வாசகர் மனத்திற் பதித்துக்கொள்ளுதல் நன்று. பின்னர் அது மீண்டும் வரும்.

இக்காலத்திலேயே வேறொரு வழியும் தென்பட்டது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் மிச்சல் என்னும் மருத்துவர் 1831 இல், இறப்பர்ப் பைகளில் அடைத்த வாயுக்கள் வெவ்வேறு வேகத்திற் கசிந்து போவதைக் கண்டு எழுதியிருந்தார். வாயுக்களின் பரவல் பற்றிய விதியால் மாணவர் யாவரும் பெயரறிந்த தோமஸ் கிரகாம் அதனை எடுத்து ஆராய்ந்தார். அப்பொழுது அவர் பிரித்தானிய நாணயசாலையின் தலைவர். நாணயம் வார்ப்பிக்கும் பதவியிலிருந்துகொண்டே வாயுக்களை ஆராய்ந்தவர். ஒரு பக்கத்தில் வளியும் மறுபக்கத்தில் வெற்றிடமும் இருக்க, மெல்லிய இறப்பர்ப் படலத்தினூடே வளியை இழுத்தபோது, மறுபக்கத்தில் வந்த வாயுவில் ஒட்சிசன் ஏறத்தாழ 41 வீதம் இருந்ததென 1866 இல் அறிவித்தார். அணையவிருந்த கொள்ளி அவ்வாயுவிலே மீண்டும் சுடர்விட்டது. மென்சவ்வு என்னும் எண்ணம் ஒட்சிசன் வரலாற்றில் நுழைந்தது இவ்வாறே.

கிரகாமின் படலம் ஒட்சிசனைச் செறிவாக்கியதேயன்றித் தூய்மையாக்கவில்லை. இறப்பரில் ஒட்சிசன் சற்றே கூடுதலாகக் கரையும். ஆயின் நைதரசனும் கரையும். ஒன்று இரண்டு மடங்கு வேகமாகச் சென்றாலும் மற்றது நின்றுவிடவில்லை. இக்குறை இன்று வரை பல்பகுதியப் படலங்களை விட்டு நீங்கவில்லை. 1960 ஆம் ஆண்டளவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலே சிட்னி லோப் என்பவரும் பாரத நாட்டிலிருந்து சென்ற சீனிவாச சௌரிராஜனும் கடல்நீரை நன்னீராக்குதற்கெனச் செய்த படலம் இத்துறைக்குப் புத்துயிர் அளித்தது. மேற்புறத்தில் மிக மெல்லிய செறிந்த தோலும், அதன் கீழே தாங்குதற்குத் துளைமிக்க தடித்த அடுக்கும் உடைய அமைப்பு அவர்களுடையது. அதனைப் பின்பற்றி எழுந்த வாயுப் படலங்கள் 1980 ஆம் ஆண்டுகளில் நைதரசன் உற்பத்தியிற் பெரு வெற்றி பெற்றன. ஒட்சிசன் கசிந்து போய்விட, எஞ்சும் நைதரசன் தூயது. எதிர்ப்பக்கம் கசிந்த ஒட்சிசனோ கலப்புடையது. நிலக்கரி உலைக்கு வேண்டியது 95 வீதத்துக்கு மேற்பட்ட ஒட்சிசன் ஆதலால், கிரகாமின் வழி அங்கே செல்லவில்லை.

இவற்றுக்கிடையே குளிர்வழி வென்றுவிட்டது. 1877 இல் ஒட்சிசன் மூடுபனியாகக் காணப்பட்டது. 1883 இல் கிராக்கோ நகரில் திரவமாக நிலைநிறுத்தப்பட்டது. 1895 இல் மியூனிக் நகரத்துக் காள் லிண்டே வளியைப் பெருமளவில் திரவமாக்கும் முறையை அமைத்தார். ஒட்சிசன் பூச்சியத்துக்குக் கீழே 183 பாகையிலும், நைதரசன் 196 பாகையிலும் கொதிக்கும். இச்சிறு வேறுபாட்டைக் கொண்டு, சாராயம் வடிப்பது போல, திரவ வளியை வடித்துப் பிரிக்கலாம். 1902 இல் இதற்குரிய நிரலை லிண்டே அமைத்தார். 1910 இல் வந்த இரட்டை நிரல் இரு வாயுக்களையும் ஒருங்கே தூயனவாகத் தந்தது. பேரியம் இதனோடு போட்டியிட முடியவில்லை. பிறின் சகோதரர் நிறுவனமே 1906 இல் பிரித்தானிய ஒட்சிசன் நிறுவனம் எனப் பெயர் மாறிக் குளிர்வழிக்குத் திரும்பியது. நூறாண்டு கழித்து, 2006 இல், அந்நிறுவனத்தை லிண்டேயின் பெயர் தாங்கிய நிறுவனமே விலைக்கு வாங்கியது. தொழில் வரலாற்றில் இத்துணைப் பொருத்தமான முடிவுகள் அரியன.

ஆயினும் சூட்டுவழி முற்றும் அழிந்ததன்று. அதன் அடுத்த பகுதி நம் தீவிலிருந்து தொடங்குகின்றது. 1789 இல் பேர்லினிலே கிளப்ரொத் என்னும் இரசாயன அறிஞர் இலங்கையிலிருந்து சென்ற சேர்க்கோன் மணிக்கல்லைப் பகுத்து, அதில் அதுவரை எவரும் அறியாத ஒட்சைட்டு ஒன்றிருப்பதைக் கண்டார். நிறமற்ற அக்கல்லை மாத்தறை வைரம் என்று நம்மவர் அழைத்தனர். புல்மோட்டைக் கடற்கரை மணலிலும் அதன் பொடி மிகுதியாக உண்டு. கிளப்ரொத் கண்ட ஒட்சைட்டே சேர்க்கோனியா. அதன் சிறப்பு நூறாண்டுகளுக்குப் பின்னரே தெரிந்தது. 1890 ஆம் ஆண்டுகளின் இறுதியில் கெற்றிங்கன் நகரப் பேராசிரியர் வால்ற்றர் நேர்ண்ஸ்ற் சேர்க்கோனியாவோடு சிறிதளவு இற்றியம் ஒட்சைட்டைக் கலந்து கோலாக்கி, சூடாக்கி, அதனூடே மின்னைச் செலுத்தினார். கோல் கண் கூசும் ஒளி வீசியது. குளிர்ந்திருக்கும்போது மின்னைக் கடத்தாத அப்பொருள் சூடேறியதும் கடத்தியது. நேர்ண்ஸ்ற் விளக்கு எனப்பட்ட அது சில ஆண்டுகள் விற்பனையாகித் தங்குதன் இழை விளக்கின் முன் மறைந்தது.

அக்கோலில் மின்னைச் சுமந்து சென்றது எது? உலோகத்திற் போல இலத்திரன் அன்று, ஒட்சிசன் அயனே. காள் வாக்னர் 1943 இல் இதனைத் தெளிவுபடுத்தினார். சேர்க்கோனியத்திற்குப் பதிலாக இற்றியம் அமரும் இடங்களில், கணக்குச் சரிப்படும் பொருட்டுச் சில ஒட்சிசன் இருக்கைகள் வெறுமையாக விடப்படுகின்றன. சூடு மிகும்போது அடுத்திருக்கும் ஒட்சிசன் அயன் அவ்வெற்றிருக்கைக்குத் தாவும். அது விட்ட இருக்கைக்கு இன்னொன்று தாவும். நெரிசலான சபையில் ஒரேயொரு நாற்காலி காலியாக இருந்தால் வரிசை முழுவதும் ஒவ்வோரிடம் நகர்ந்து கொள்ளுமன்றோ? அதனைப் போன்றதே இது. நைதரசனுக்கு இச்சபையில் இருக்கை இல்லை. ஆதலின் விரிசலோ துளையோ இல்லாத தகட்டின் ஊடே செல்வது ஒட்சிசன் மட்டுமே. கிரகாமின் இறப்பர் வேகத்தால் வேறுபடுத்தியது. இத்தகடோ இயல்பாலேயே வேறுபடுத்துகின்றது.

இங்கு ஒரு சிக்கல் உண்டு. ஒட்சிசன் மூலக்கூறு அயனாக வேண்டுமாயின் இலத்திரன்களைப் பெறல் வேண்டும். மறுபக்கம் சேர்ந்ததும் அவற்றைக் கழற்றிவிடல் வேண்டும். கழற்றிய இலத்திரன்கள் முதற்பக்கத்துக்குத் திரும்பி வராவிட்டால் ஓட்டம் உடனே நின்றுவிடும். சேர்க்கோனியாவில் இலத்திரன் நடப்பதில்லை. ஆகவே அயனும் இலத்திரனும் ஒருங்கே நடமாடக்கூடிய பொருளைத் தேடவேண்டியதாயிற்று. அது யூரல் மலைக் கனியமொன்றின் பளிங்கு வடிவில் அகப்பட்டது. 1839 இல் குஸ்தாவ் றோஸ் கண்டு, பெறொவ்ஸ்கி என்னும் இரசியப் பிரபுவின் பெயரால் பெறொவ்ஸ்கைற்று என வழங்கிய கனியம் அது. அதே வடிவில் இலந்தனம், துரந்தியம், கோபாற்று, இரும்பு ஆகியவற்றின் ஒட்சைட்டுக்களைக் கூட்டிச் செய்த தகடுகளினூடே ஒட்சிசன் பெருகி ஊடுருவுவதை யப்பானின் கியூசு பல்கலைக்கழகத்துத் தெராவோக்காவும் உடன் ஆராய்ந்தோரும் 1985 இல் வெளியிட்டனர். துரந்தியமும் கோபாற்றும் கூடக் கூட ஊடுருவலும் கூடியது. வெப்பநிலை 800 முதல் 900 பாகை. இருபக்கத்து ஒட்சிசன் அமுக்க வேறுபாடே தள்ளுவிசை. மின்கம்பியோ மின்கலமோ வேண்டுவதில்லை.

நிலக்கரியும் ஒட்சிசனும் சந்தித்த கதைக்கு இனி வருவாம். நிலக்கரியை வாயுவாக்குதற்கு ஒட்சிசனைப் பயன்படுத்தல் 1920 ஆம் ஆண்டுகளிலேயே யேர்மனியில் தொடங்கியது. கொதிகலத்தில் எரிப்பதற்கே ஒட்சிசனைப் பயன்படுத்தலாம் என்னும் திட்டத்தை 1982 இல் அமெரிக்காவின் ஆர்கொன் ஆய்வுகூடத்தாரும் புறூக்கேவன் ஆய்வுகூடத்தாரும் தனித்தனியே முன்வைத்தனர். வற்றிவரும் எண்ணெய்க் கிணறுகளிலே செலுத்தி எண்ணெயைத் தள்ளுதற்கு மலிவான காபனீரொட்சைட்டு வேண்டியிருந்தமையே ஆர்கொன் திட்டத்தின் முதல் நோக்கம். பூமியின் காலநிலையைக் காக்கும் உபாயமென இன்று பேசப்படுவது, மேலும் எண்ணெய் எடுக்கும் உபாயமாகவும் பிறந்தது என்பதை மறைத்தல் வரலாறாகாது.

ஒட்சிசனில் எரிக்கும் கொதிகலத்தின் அமைப்பு இது. தூய ஒட்சிசனில் நிலக்கரி எரியின் சுவாலை கொதிகலச் சுவரை உருக்கிவிடும். ஆகவே வெளிவரும் புகையின் பெரும்பகுதியைத் திருப்பி உலைக்குள் விட்டு, முன்பு நைதரசன் செய்த தணிக்கும் வேலையை அதனிடம் ஒப்படைப்பர். 500 மெகாவாற் நிலையமொன்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 தொன் ஒட்சிசன் வேண்டும். குளிர்வழியில் ஒரு தொன் ஒட்சிசனுக்குச் சுமார் 200 கிலோவாற்று மணி மின் செலவாகும். பெருக்கிப் பார்த்தால் 83 மெகாவாற். அதாவது நிலையம் உண்டாக்கும் மின்னில் ஆறிலொரு பங்கை வளியைக் குளிரூட்டுதற்கே கொடுத்துவிட வேண்டும். பிடித்த காபனீரொட்சைட்டை அமுக்குதற்கு வேறு செலவுண்டு. இயற்கை விதி கேட்கும் மிகக் குறைந்த கூலியோ தொன்னுக்கு ஏறத்தாழ 50 கிலோவாற்று மணிதான். நூறாண்டு செம்மைப்பட்ட குளிர்வழியில் இனிக் குறைக்கக்கூடியது சிறிதே. மாபெருஞ் சூட்டைத் தன்னிடத்தே கொண்ட நிலையம், அருகிலேயே பூச்சியத்துக்குக் கீழே 190 பாகைக் குளிரை உண்டாக்கப் பணம் இறைப்பது விசித்திரமன்றோ? 850 பாகையில் வேலை செய்யும் தகட்டை அச்சூட்டின் நடுவே வைத்தால் என்ன என்னும் எண்ணம் எழுந்தது இயல்பே.

1998 இல் அமெரிக்க எரிசத்தித் திணைக்களத்தின் உதவியோடு எயர் புறொடக்ற்ஸ் நிறுவனத்தார் இவ்வேலையில் இறங்கினர். மெல்லிய சூளைத் தகடுகளை அடுக்கி, நடுவே ஒரு குழாயால் ஒட்சிசனை வாங்கினர். மேரிலாந்து மாநிலத்து ஸ்பறோஸ் பொயின்ற்றில் நாளொன்றுக்கு 5 தொன் தரும் சோதனை நிலையம் இயங்கியது. அதன்பின் 100 தொன் அளவினதை நோக்கி முயன்றனர். அமுக்கிச் சூடாக்கிய வளி தகடுகளின் புறத்தே செல்லும். ஒட்சிசனை இழந்த பின் அவ்வளி வாயுச்சுழலியை ஓட்டும். ஆக, செலவிட்ட சத்தியில் நல்ல பங்கு மீளும். ஒட்சிசனின் செலவில் மூன்றிலொரு பங்கு மிச்சமாகும் என்று அவர்கள் எதிர்பார்த்தனர். வாயுச்சுழலியோடு இணைந்த நிலக்கரி வாயுவாக்கும் நிலையங்களுக்கு இம்முறை நன்கு பொருந்தும்.

யேர்மனியின் ஆக்கன் நகரத்துத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் 2004 இல் தொடங்கிய ஆராய்ச்சி நேரே கொதிகலத்தையே நோக்கியது. அவர்கள் எண்ணம் அழகியது. தகட்டின் ஒருபக்கம் அமுக்கிய சூடான வளி. மறுபக்கம் உலைக்குத் திரும்பும் சூடான புகை. ஊடுருவி வரும் ஒட்சிசனை அப்புகை அவ்வப்போதே வாரிக்கொண்டு உலைக்குச் செல்லும். வாரிச் செல்வதால் அப்பக்கத்தில் ஒட்சிசனின் அமுக்கம் தாழ்ந்தே இருக்கும். அமுக்கம் தாழ்ந்திருப்பதால் ஊடுருவல் விரைந்து நடக்கும். புகையைத் திருப்பும் வேலையும் ஒட்சிசனைச் சேர்க்கும் வேலையும் ஒன்றாகிவிடும்.

இதற்கு அவர்கள் தெரிந்த பொருள், அறியப்பட்டவற்றுள் ஒட்சிசனை மிக விரைவாக ஊடுருவ விடுவனவற்றுள் ஒன்று. சீன தேசத்துத் தாலியன் நகர ஆராய்ச்சியாளர் 2000 இல் அதனை அறிவித்திருந்தனர். அதன் உறுப்புக்கள் பேரியம், துரந்தியம், கோபாற்று, இரும்பு. பூசிங்கோலும் பிறின் சகோதரரும் கையாண்ட அதே பேரியம்.

விளைந்ததும் அதுவே. காபனீரொட்சைட்டு மிகுந்த புகை அத்தகட்டின்மீது பட்டதும் பேரியமும் துரந்தியமும் காபனேற்றாகத் தொடங்கின. கனோவர் நகர ஆராய்ச்சியாளர் 2007 இல் செய்த சோதனையில், 875 பாகையில் தூய காபனீரொட்சைட்டை ஒருபக்கத்தே செலுத்தியபோது ஒட்சிசன் ஊடுருவல் அறவே நின்றது. அவ்வாயுவை நீக்கி ஈலியத்தைச் செலுத்த, தகடு மீண்டும் உயிர் பெற்றது. நிலக்கரிப் புகையில் கந்தகவீரொட்சைட்டும் உண்டு. அதன் தாக்கம் இன்னுங் கொடியது. இலண்டனில் 1886 இல் வளியிலிருந்த மிகச் சிறு பங்கு காபனீரொட்சைட்டுக்கு அஞ்சி எரிசோடாவாற் கழுவினார்கள். ஆக்கன் திட்டத்திலோ பேரியத்தின் முகத்தில் வீசவேண்டியதே காபனீரொட்சைட்டுத்தான். கழுவி நீக்க வழியில்லை. பேரியத்தை இவ்வளவு விரைவாக ஒட்சிசனை விடச்செய்யும் பண்பும், காபனீரொட்சைட்டோடு விடாது பிணையச் செய்யும் பண்பும் ஒரே மூலத்தினின்று வருவன. அதன் அயன் பெரிது. அதன் ஒட்சைட்டு வலிய காரம். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விலக்குதல் அரிது.

இதற்குப் பரிகாரங்கள் தேடப்பட்டன. புகையால் வாருவதை விட்டு, மறுபக்கத்தை வெற்றிடமாக்கி ஒட்சிசனை உறிஞ்சலாம்; அப்பொழுது பேரியம் புகையைக் காணாது, ஆயின் வெற்றிடம் உண்டாக்கும் செலவு கூடும். பேரியமே இல்லாத தகடுகளைச் செய்யலாம். சீரியம் ஒட்சைட்டை அயனுக்கும் மற்றொரு பொருளை இலத்திரனுக்கும் வழியாக்கி, இரண்டையும் ஒன்றாய்ச் சுட்டுச் செய்யலாம். அவை புகையைத் தாங்கின. ஆயின் ஒட்சிசனை விடுவதில் மந்தமாயிருந்தன. மந்தமானால் அதே ஒட்சிசனுக்குத் தகட்டுப் பரப்புப் பன்மடங்காகும். இவையன்றிச் சூளைப் பொருளை உலோகக் குழாயோடு 850 பாகையிற் கசிவின்றி இணைத்தல், சூடேறிக் குளிரும்போது வெடிக்காது காத்தல், பாரத்தால் மெல்ல மெல்ல வளைதலைத் தடுத்தல் என்பனவும் இருந்தன. ஆராய்ச்சிக் கட்டுரைகளிலே ஊடுருவல் வேகம் பற்றிய பக்கங்கள் மிகுதி. இணைப்பு, வெடிப்பு என்பன பற்றிய பக்கங்கள் குறைவு. இது இத்துறையின் ஒரு குறையென்றே எமக்குத் தோன்றுகின்றது. பத்தாயிரந் தொன் ஒட்சிசன் தரும் நிலையத்தில் ஆயிரக்கணக்கான இணைப்புக்களுள் ஒன்று விரிந்தாலும் நைதரசன் உட்புகும்.

மென்சவ்வு முதிரும்வரை கொதிகலங்கள் காத்திருக்கவில்லை. 2008 செத்தெம்பரில் யேர்மனியின் சுவாட்சப் பும்பே என்னுமிடத்தில் வற்றன்போல் நிறுவனம் 30 மெகாவாற் வெப்ப வலுவுள்ள சோதனை நிலையத்தைத் திறந்து, பழுப்பு நிலக்கரியை ஒட்சிசனில் எரித்துக் காட்டியது. அவுஸ்திரேலியாவின் குவீன்சுலாந்து மாநிலத்திலே கலைட் நிலையத்தின் பழைய அலகொன்று மாற்றியமைக்கப்பட்டு, 2012 இன் இறுதி முதல் 2015 மார்ச்சு வரை 10,000 மணித்தியாலத்துக்கு மேல் ஒட்சிசனிலே எரிந்து 30 மெகாவாற் மின் தந்தது. ஒட்சிசனில் எரித்தல் நடைமுறைக்கு ஏற்றதே என்பதை இவ்விரண்டும் ஐயமற நிறுவின. இரண்டுக்கும் ஒட்சிசன் தந்தது லிண்டே காலத்துக் குளிர்நிரலே.

அதன்பின் வந்த பெருந்திட்டங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. யேர்மனியின் யென்சுவால்டே நிலையத் திட்டம் 2011 திசெம்பரிற் கைவிடப்பட்டது. தம் நிலத்தின்கீழ் காபனீரொட்சைட்டைப் புதைப்பதை மக்கள் எதிர்த்தனர், அதற்குரிய சட்டமும் உரிய வேளையில் வரவில்லை. அமெரிக்காவின் இலினோய் மாநிலத் திட்டத்திற்குரிய அரசாங்கப் பணம் 2015 பெப்ருவரியில் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு நவம்பரிற் பிரித்தானிய அரசாங்கம் 100 கோடிப் பவுண் போட்டித் திட்டத்தைக் கைவிட, யோக்சயர்த் திட்டமும் முடிந்தது. சுவாட்சப் பும்பே 2014 இலேயே மூடப்பட்டிருந்தது. காபனீரொட்சைட்டை வளியில் விடுவதற்கு ஐரோப்பாவில் விதித்த விலை அக்காலத்தில் மிகத் தாழ்ந்திருந்தமையும், இயற்கை வாயு, காற்று, சூரிய ஒளி என்பன மலிந்தமையும் காரணங்கள். ஈற்றில், நிலக்கரி மின்னுக்குப் பிறப்பிடமான பிரித்தானியாவில் 2024 செத்தெம்பர் 30 ஆந் திகதி கடைசி நிலையமும் மூடப்பட்டது.

இதனைக் கொண்டு, மென்சவ்வு வேண்டியிருந்த இடமே மறைந்துவிட்டது என்று சொல்வார் உளர். ஐரோப்பாவுக்கு அது பொருந்தலாம். சீனத்திலும் பாரதத்திலும் நிலக்கரி நிலையங்கள் இன்னும் கட்டப்படுகின்றன. கட்டியவை முப்பது நாற்பது ஆண்டு உழைக்கக் கூடியவை. நம் நாட்டில் நுரைச்சோலையில் 2011 இல் முதல் அலகு இயங்கத் தொடங்கி, மூன்று அலகுகளாக 900 மெகாவாற் வலுவுடன் நிற்கும் நிலையமும் நிலக்கரியை வளியிலேயே எரிக்கின்றது. இவற்றின் புகைபோக்கிகளில் ஒட்சிசன் முறைக்குச் செலவிட எவர் முன்வருவர் என்பது பொருளியலும் அரசியலும் விடைசொல்ல வேண்டிய கேள்வி. பேரியம் புகையைத் தாங்குமா என்பதே இரசாயனத்தின் கேள்வி. அவ்விரண்டாங் கேள்விக்கு விடை கிடைப்பதற்கு முன் முதலாவது கேள்வி மேடையை விட்டு இறங்கியமையால், ஆராய்ச்சியாளர் தம் தகடுகளை எரிவாயுவினின்று ஐதரசன் பெறல், சீமெந்துச் சூளை, கண்ணாடி உலை முதலியவற்றை நோக்கித் திருப்பி வருகின்றனர்.

நிலக்கரி நிலையங்களில் இச்சூளைப் பொருள் வேறொரு தொழிலில் நெடுங்காலமாக அமர்ந்திருக்கின்றது. கொதிகலத்தின் புகைவழியிலே, விரல் நீளச் சேர்க்கோனியாக் குழாயொன்று பொருத்தப்படும். அதன் உட்புறம் தூய வளி, வெளிப்புறம் புகை. இருபக்கத்து ஒட்சிசன் அளவுகள் வேறுபடுமிடத்து அதில் மின்னழுத்தமொன்று எழும். எவ்வளவு எழும் என்பதை நேர்ண்ஸ்ற் 1889 இல் எழுதிய சமன்பாடே கூறும். இலத்திரன் நடமாடாத குறையால் ஒட்சிசன் தரும் தகடாகத் தகுதி பெறாத சேர்க்கோனியா, அக்குறையினாலேயே அளவு காட்டுங் கருவியாகத் தகுதி பெற்றது. இலத்திரன் உள்ளே நடமாடின் மின்னழுத்தம் தேயும். 1976 முதல் மோட்டார் வண்டிகளின் புகைக்குழாயிலும் அதுவே இடம்பெற்றது. உலைக்குள் அனுப்பிய வளியிலே எரியாது மிஞ்சிய ஒட்சிசன் இரண்டு வீதமோ நான்கு வீதமோ என்று அக்குழாய் காட்ட, அதைப் பார்த்துக் கொதிகலத்தை நடத்துவோர் வளியின் அளவைக் கூட்டிக் குறைக்கின்றனர்.